அக்காள் எடுத்த நான்கு சீட்டுகள்

உறவின்முறையாருக்கும், வங்காளி ஆராதனை முடிந்தபின் அதே கோவிலில் மத்தியானம் கூடும் நம் சிறிய தமிழ்ச் சபையாருக்கும் ஸ்தோத்திரத்தோடு இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு மாதம் ஆகிறது. என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் காளிகாட்டில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு டிராமில் வந்து இறங்கினார்கள். "பொம்பளப் பிள்ளை! அது அழுத அழுகையில வீடே அதிர்ந்து போச்சுல" என்று சிரித்தார்கள். அந்தத் தெருவில் வாந்திபேதி பரவியிருந்தது எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காள் இல்லை. முப்பத்தைந்து வயது. ஒன்றரை நாளில் ஒரு மனுஷி இப்படி இல்லாமல் போக முடியுமா? ஆபீசில் பேனாவைப் பிடித்தபடி இதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காள் பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது, பட்டணத்தில் கப்பலேறி வங்காளத்துப் பவானிபூருக்குக் குடிவந்தோம். நான் அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்குப் பத்து வயதாகும்போது அம்மா பிரசவத்தில் இறந்துபோனார்கள். ஆண் டாக்டர் அறைக்குள் வரக்கூடாது என்று அம்மா சாதித்துவிட்டார்கள். டாக்டர் வெளியே நாற்காலியில் இருந்து கேள்வி கேட்டார். பதினாறு வயது அக்காள் கேள்வியை உள்ளே கொண்டுபோவதும் பதிலை வெளியே கொண்டுவருவதுமாக நடந்தார்கள். மூன்றாம் முறை உள்ளே போனபோது பதில் சொல்ல அம்மா இல்லை. டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் அக்காளுக்குள் வந்தது.

எண்ணம் வந்தால் போதுமா? என்னை யார் வளர்ப்பது? சோறு ஆக்கி, என் சட்டையைத் துவைத்து, இடையிடையே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இருபத்துமூன்றாம் வயதில்தான் என்ட்ரன்ஸ் பரீட்சை தேறினார்கள். ஊரிலிருந்து மாப்பிள்ளை பற்றிக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. அக்காள் பிடிகொடுக்கவில்லை. மருத்துவப் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா, "கர்த்தர் சித்தம் தெரியணும்மா. திருவுளச்சீட்டுப் போடுவோம்" என்றார்கள். எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவும் அப்படித்தான். வருஷப்பிறப்பு ஆராதனை முடிந்து வந்ததும் ஒரு சீட்டில் 'போ' என்றும், இன்னொன்றில் 'பொறுத்திரு' என்றும் எழுதி, மடித்துத் தட்டில் வைத்து, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுப்பது. மற்றதை யாரும் பிரித்துப் பார்க்கக்கூடாது. அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதுவது என் வேலை. அக்காள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள். 'பொறுத்திரு.' அடுத்த வருஷமும் 'பொறுத்திரு.' மூன்றாம் வருஷமும் அதே. "கர்த்தர் சொன்னா சரிதான்" என்று அக்காள் எழுந்து, மிச்சச் சீட்டோடு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். ஒரு நாளும் முகம் வாடியதில்லை.

நான்காம் வருஷம் எனக்குக் கல்யாணமாகி என் மனைவி வீட்டுக்கு வந்திருந்தாள். வருஷப்பிறப்பன்று நான் காகிதத்தைக் கையில் எடுத்தேன். "எழுதி எழுதிக் கை வலிச்சிருக்கும்ல தம்பி. இந்த வருஷம் நானே எழுதுதேன்" என்று அக்காள் வாங்கிக்கொண்டார்கள். 'போ' என்று வந்தது. அப்பா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுதே விட்டார்கள்.

இருபத்தேழு வயதில் பள்ளிக்கூடம்! கூடப் படித்த பெண்களெல்லாம் சின்னப் பிள்ளைகள். நான்கு வருஷம் படித்து, நான்கு வருஷம் பெண்கள் டிஸ்பென்சரியில் வேலை பார்த்தார்கள். காளிகாட்டுச் சந்துகளில் 'டாக்டர் தீதி', டாக்டர் அக்காள், என்றால் தெரியாத வீடு கிடையாது. பிரசவ அறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபிப்பார்கள். காளி கோவில் பூசாரி வீட்டிலும் அப்படித்தான். அந்த வீட்டு அம்மாள் தன் மருமகளிடம், "இரு, தீதி தன் சாமியிடம் சொல்லிவிட்டு வரட்டும்" என்பாராம்.

அந்தக் கடைசி ஒன்றரை நாளும் பயமில்லாமல் பக்கத்தில் இருந்து வாயில் தண்ணீர் ஊற்றிய நாங்கள் மாசிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளிப் பெரியம்மாவுக்கும், ஒருநாள் முழுக்கக் காத்திருந்த குதிரைவண்டிக்காரருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த சபைச் சகோதரருக்கும், மழையில் நின்று பாடினவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இத்தோடு முடித்திருப்பேன். முடிக்க விடாமல் ஒன்று நடந்தது.

அடக்கத்துக்குப் பத்தாம் நாள் அக்காளின் வேதப்புத்தகத்தைப் பிரித்தேன். சங்கீதங்களுக்கு நடுவே நான்கு சீட்டுகள். அடுப்பில் போனதாக நான் நினைத்திருந்தவை. மடிப்புகள் நீவிவிடப்பட்டிருந்தன. முதல் மூன்றும் என் கையெழுத்து. மூன்றிலும் 'பொறுத்திரு.'

எல்லாரும் வாசிக்கச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வருஷமும் இரண்டு சீட்டிலும் நான் அதைத்தான் எழுதினேன். பதினெட்டு வயதுத் தடியன். அக்காள் போய்விட்டால் வேளைக்குச் சோறு யார் போடுவார்கள் என்ற ஒரே நினைப்பு. கர்த்தர் பேரில் நான் பேசினேன். அக்காளுக்கு முதல் வருஷமே தெரிந்திருக்கிறது. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முதுகுத்தோல் உரிந்திருக்கும். சொல்லவில்லை. அடுத்த வருஷமும் காகிதத்தை என்னிடமே தந்தார்கள். நான் திருந்துவேன் என்று பார்த்தார்களோ, ஐயோ!

நான்காம் வருஷம் அக்காள் காகிதத்தை வாங்கிய அன்று எனக்கு ஒரு கள்ள நிம்மதி. 'சரி, அக்காளும் இரண்டிலும் போ என்று எழுதிவிட்டார்கள், கணக்குத் தீர்ந்தது' என்றே எட்டு வருஷம் நிம்மதியாகச் சோறு தின்றேன்.

அன்று எடுக்காமல் விட்ட அந்த நான்காவது சீட்டு அக்காளின் கையெழுத்து. அதில் 'பொறுத்திரு' என்று இருந்தது.

சீட்டுகளை எடுத்துப்போய் அப்பா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னை அடிக்கவில்லை. நான்காவதை மாத்திரம் மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்கள்.

"இதை எடுத்திருந்தா என்னல செஞ்சிருப்பா?" என்றார்கள்.

கதவருகே நின்ற என் மனைவிதான் பதில் சொன்னாள்: "அடுத்த வருஷம் வரைக்கும் இருந்திருப்பாங்க, மாமா."

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். பிறகு, "மலர்ல இதையும் போடு" என்றார்கள்.

போட்டுவிட்டேன். அக்கா, என்னை மன்னியுங்கள்.