அம்பிகைபாகன் கையொப்பமிட்ட குகை

க. அம்பிகைபாகன் தம் வாழ்நாளில் இரண்டு கருத்துகளை மட்டுமே மாற்றிக்கொண்டவர். கொழும்பு பத்திரமான நகரம் என்ற கருத்தை 1983 ஜூலைக் கலவரத்தில் மாற்றினார். அதற்கு நாலு நாள் பிடித்தது. மற்றதை 1997இல், ஒரு சனிக்கிழமை காலை, கண்டிப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் மாற்றினார். அது மிகவும் கடினமாக இருந்தது.

சாவகச்சேரியில் பிறந்தவர். நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் இல்லை. கண்டி மஹய்யாவவில் பியட்றிஸ் டீச்சர் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தார். வடதிசைக் குறி, அளவுத்திட்டம், வரைந்தவர் பெயர் மூன்றும் இல்லாத தாளை அவர் படமென்று ஒப்புக்கொள்வதில்லை. ஊத்தை என்பார்.

டீச்சரின் தம்பி சுவக்கின், ஜப்பானில் கார் கழுவும் உத்தியோகத்திலிருந்து, தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் விளையாட்டு இயந்திரம் ஒன்றும் அதற்கு ஒரேயொரு கசெற்றும் அனுப்பியிருந்தான். நான்கு வீரர்கள் ஊரூராக நடந்து, கண்டவரிடமெல்லாம் பேச்சுக்கொடுத்து, குகைப் பூதங்களோடு மோதி, முடிவில் ஓர் இளவரசியை மீட்கவேண்டும். எல்லாம் ஜப்பான் எழுத்து. டீச்சருக்கு இலக்கங்கள் மட்டுமே விளங்கின. எனவே வீரர்களுக்கு மூக்காயி, தவமணி, இரஞ்சிதம், சுவக்கின் என்று தாமே பெயரிட்டு, மின்வெட்டு இல்லாத மாலைகளில் படை நடத்தினார்.

நாடு இரண்டாகப் பிரியுமா என்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த வீடு ஏற்கெனவே பிரிந்துவிட்டது.

"சண்டையெண்டால் சண்டை பிடிக்கோணும், ரீச்சர். இவையென்ன, பஸ் கியூவில நிக்கிறமாதிரி, ஒருத்தன் அடிச்சு முடியுமட்டும் மற்றவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்? இது விளையாட்டே?"

"அதாங்க சார் மரியாத. நம்ம ஆளுங்களுக்கு இல்லாத மரியாத."

"நடக்கிறதும் கதைக்கிறதும். அதுக்கு நான் கந்தோருக்கே போவன்."

"போங்க. அங்க இளவரசி இருக்காளா?"

ஆயினும் டீச்சர் பென்சிலால் கிறுக்கிவைத்த குகைப் படங்களை அவரால் சகிக்க முடியவில்லை. விளையாட்டை ஏற்காவிட்டாலும் நிலத்துக்கு அநீதி செய்யக்கூடாது என்று, ஒவ்வொரு குகையையும் மைப்பேனாவால் சுத்தமாக வரைந்து கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை புலிகளைத் தேடித் தெருவைச் சுற்றிவளைத்துச் சோதனை நடந்தது. யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரரான அம்பிகைபாகனின் மேசைமீது பொலிஸார் கண்டெடுத்த தாளில் இவ்வாறு இருந்தது: "இரண்டாம் குகை. ஓர் அங்குலம் இருபது அடி. மேற்கு வாசலில் காவலர் இருவர், நெருப்பால் தாக்குக. மூக்காயி: கோடரி. இரஞ்சிதம்: நெருப்பு. தவமணி: வைத்தியம்." கீழே, வலது மூலையில், "வரைந்தவர்: க. அம்பிகைபாகன்." திகதியும் இருந்தது. உலகத்தில் எந்தச் சதிகாரனும் பொலிஸாருக்கு இவ்வளவு ஒத்தாசை செய்ததில்லை.

அவரை நிலையத்துக்குக் கொண்டுபோக, டீச்சர் இயந்திரத்தைப் புடவைக்கடைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அம்பிகைபாகனின் சிங்களம் கந்தோர்க் கடிதச் சிங்களம். பயத்தில் அதுவும் போய்விட்டது. டீச்சரே மொழிபெயர்த்தார்.

"இது விளையாட்டு என்கிறாள் இந்த அம்மா. நீர் என்ன சொல்கிறீர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லையென்றால் கொழும்புக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதற்கு அளவுத்திட்டம் கிடையாது.

அம்பிகைபாகன் வியர்த்தார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"என்ர அபிப்பிராயத்தில, இதை விளையாட்டெண்டு சொல்ல ஏலாது."

டீச்சர் கண்ணை மூடித் திறந்து, "அற்புதமான விளையாட்டுன்னு சொல்றாரு" என்று சிங்களத்தில் மொழிபெயர்த்தார்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நிலையத்துத் தொலைக்காட்சியில் இயந்திரத்தைப் பொருத்தி, ஒரு கொன்ஸ்டபிளை விளையாட உட்கார்த்தி, தாளைக் கையில் பிடித்துக்கொண்டார். மேற்கு வாசல் வந்தது, காவலர் இருவர் நின்றனர், இரஞ்சிதம் கொளுத்தினாள். கொன்ஸ்டபிள் கைதட்டினான். பிறகு படம் "வழி" என்று காட்டிய இடத்தில், திரையில் சுவர் நின்றது. கைதட்டல் நின்றது.

"இங்கே வழி இல்லையே. அப்படியென்றால் இது வேறெங்கோ இருக்கும் குகை."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "சார், என்னாங்க இது? அங்க நான் ஒரு வாரமா முட்டிப் பாத்தேன். வழியே இல்ல. பிழையா வரைஞ்சிட்டீங்களே!"

இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. உயிர்ப்பயம் ஒரு கணம் விலகி நின்றது.

"பிழையோ? என்ர படத்திலயோ? இடப்பக்கம் மூண்டாவது கல்லைத் தள்ளச் சொல்லுங்கோ!"

கொன்ஸ்டபிள் தள்ளினான். சுவர் திறந்தது. உள்ளே, படத்தில் குறித்த அதே இடத்தில், ஒரு பெட்டி. பெட்டிக்குள் வெள்ளிக் கேடயம். நிலையமே ஆரவாரித்தது, லொக்கப்பில் இருந்த சாராயக் கேஸ்காரர்கூடக் கம்பியைத் தட்டினார்.

டீச்சர் மட்டும் ஆரவாரிக்கவில்லை. "சார், அந்தக் கல்லு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்பிகைபாகன் சட்டைப்பையில் இருந்த பேனாவை நேராக்கினார்.

"நான் அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் போனதே இல்லியே. யாரு போனது?"

"ஞாயிற்றுக்கிழமையில..." என்றார் அம்பிகைபாகன், மேசையைப் பார்த்தபடி. "நீங்கள் மாதா கோயில் பூசைக்குப் போனாப் பிறகு."

"எத்தன ஞாயிறு?"

"நவநாள் செபத்துக்கு நீங்கள் போற நாளுகளும்தான்."

இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மனைவியிடம் அகப்பட்ட கணவனின் முகம் எல்லா மொழியிலும் ஒன்றே என்று அவர் கண்டிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே வாக்குமூலம் எழுதினார்: இது விளையாட்டு, நான் இதை விரும்பி விளையாடுபவன்.

"'விரும்பி' எண்டதை எடுக்க ஏலாதோ? 'ஓரளவுக்கு' எண்டு போட்டால்..."

"சார், கையெழுத்தப் போடுங்க!"

போட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் போட்ட ஆகக் கோணலான கையொப்பம் அதுதான்.

வெளியே வெயில். தெரு முனையில் டீச்சர் மெல்லக் கேட்டார்: "இளவரசிய மீட்டாச்சா?"

"ஓம். போன மாசமே. ஆனா ரீச்சர், அந்தக் கடைசிக் கட்டத்தில அவள்..."

"சொல்லாதீங்க! இன்னும் ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, இப்படியே திரும்பிக் கொண்டுபோய் உள்ள விட்டுட்டு வந்துருவேன்."

அம்பிகைபாகன் வாயை இறுக மூடிக்கொண்டு, வீடு வரைக்கும் நடந்தார்.