பிரேக் டிரம்மில் இரண்டு ஓட்டைகள், பெண் பார்க்கப் போன வழியில்

இன்று மதியம், பெரியபாளையம் தாண்டியதும் பின் டயர் பஞ்சர்.

காரில் மூன்று பேர். நான், என் மனைவி, அவள் தம்பி செல்வம். திருப்பாச்சூரில் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். இதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. நாலரை மணிக்கு ராகு காலம் பிறப்பதற்குள் அவர்கள் வீட்டுப் படி ஏறிவிட வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு.

செல்வம் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கட்டுமானம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். (பெண் பார்க்கப் போகும்போதும் ஸ்பேனர் பையோடு வருவான்.) சக்கரத்தைக் கழற்றியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, இன்னா இது? ரெண்டு ஓட்டை காலியா கீது."

குனிந்து பார்த்தேன். பிரேக் டிரம்மின் முகத்தில், சக்கரம் மாட்டும் நான்கு ஸ்டட்களுக்கு இடையே இரண்டு சின்ன ஓட்டைகள். உள்ளே மரை இருக்கிறது. போல்ட் இல்லை. போன வாரம்தான் பிரேக் சர்வீஸுக்கு விட்டிருந்தேன்.

மெக்கானிக் போல்ட்டைச் சுட்டுவிட்டான் என்று செல்வம் தீர்ப்பு எழுதினான். அவன் கம்பெனி யார்டில் ஓட்டை காலியாக இருந்தால் சரக்கு கேட்டைத் தாண்டாதாம். மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"போல்ட்டு கீதா இல்லியான்னு அப்புறம் பாருடா. பொண்ணு கீதா இல்லியான்னு மொதல்ல போய் பாக்கலாம்."

அவன் கேட்கவில்லை. பையைத் துழாவி, அளவாக இரண்டு போல்ட் எடுத்தான். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று ஒழுங்காக முறுக்கினான். தொழில் சுத்தம்!

'டக்' என்றது. டிரம் அப்படியே கழன்று அவன் மடியில் வந்து உட்கார்ந்தது.

"நான் ஒண்ணுமே பண்ல மாமா" என்றான், டிரம்மைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.

தாமதமாகும் என்று மனைவி பெண் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். காரணம் கேட்டார்கள். கழன்ற டிரம்மைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். (அனுப்பாதே என்று செல்வம் கையெடுத்துக் கும்பிட்டது வீண்.)

அடுத்த நிமிடம் பெண்ணே பேசினாள். பெயர் ரேவதி. பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

"அது டிரம்ம கழட்டறதுக்குன்னே வெச்ச ஓட்டைங்க. போல்ட்ட முறுக்கினா டிரம்ம வெளிய தள்ளும். போல்ட்ட எடுத்துட்டு டிரம்ம திரும்ப உள்ள தள்ளுங்க, போதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "யாரு முறுக்கினது?"

என் மனைவிக்குப் பொய் வராது. "மாப்பிள்ளதாம்மா."

ஃபோன் கட்டானது. செல்வம் ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து, இதுவும் போச்சு என்றான்.

அவள் சொன்னபடி டிரம்மை உள்ளே தள்ளி, ஸ்டெப்னியை மாட்டி, திருப்பாச்சூர் சேர்ந்தபோது ராகு காலம் பிறந்திருந்தது. ஆறு மணி வரை படி ஏறக் கூடாது என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். வாசலிலேயே காரில் உட்கார்ந்தோம். மணமகன் வீட்டார் மூவர், ஏசி இல்லாமல், மல்லிகைப்பூவோடு.

காபி வந்தது. தட்டோடு வந்தவள் ரேவதி. என்னிடம் தட்டைக் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். செல்வம் இறங்கி, பரீட்சை எழுதினவன் மாதிரி பக்கத்தில் நின்றான்.

"நல்லா டைட் பண்ணியிருக்கீங்க" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "அந்த ரெண்டு போல்ட்டு எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

காபி ஆறிவிட்டது. நிச்சயத்துக்குத் தட்டு மாற்றும் தேதியை, நாங்கள் இன்னும் படியே ஏறாதபோது, பெண்ணின் அப்பா காலண்டரைக் கையில் எடுத்து வந்து கார் ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.