லேடாங் மலையில் தொலைந்த சுருக்குப் பை

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. மலாய் நாட்டு ஜொகூரில், தங்காக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் என் வீட்டுக்காரர் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. ஊரிலிருந்து கப்பலேறி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூக்குக்கு மேல் கோபம் வரும். கௌரவம் பார்ப்பதில் அதைவிடக் கெட்டிக்காரி.

தங்காக் கடைத்தெருவில் எங்கே நின்று நிமிர்ந்தாலும் லேடாங் மலை தெரியும். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்களாம். வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்தெல்லாம் கூடாரமும் கயிறுமாக வந்து ஏறுவார்கள். வருடப் பிறப்பு விடுமுறையில் நாமும் பாதி மலையாவது ஏறிப் பார்த்துவிடுவோம் என்றார் பெரிய கிராணி. அவரும் அவர் மனைவியும், நாங்கள் இருவரும் போவதாகத் திட்டம். அந்த அம்மா வெயிலுக்குக் குடை பிடித்துச் செருப்புப் போட்டு நடப்பவர். அவரோடு போவதே எனக்குப் பெரிய பெருமை.

கிளம்புகிற காலையில் என் நாத்தனார் கட்டுச்சோற்றுக் கூடையோடு வந்து நின்றார். என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடுதான் இருந்தார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் தம்பியை இங்கிலீஷ் படிக்க வைத்துக் கிராணியாக்கினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "இவரும் வருகிறாரா?" என்று வயிறு எரிந்தது. ஏனென்றால் அவர் வாயில் வெற்றிலை இல்லாத நேரம் தூங்கும் நேரம் மட்டும்தான். பேசினால் நாலு நிரை மரத்துக்கு அந்தப் பக்கம் பால் வெட்டுகிறவர்களுக்கும் கேட்கும்.

பஸ்ஸில் போய் இறங்கி, வழிகாட்டியாக ஒரு மலாய்க்காரரைச் சேர்த்துக்கொண்டு ஏற ஆரம்பித்தோம். நான் பயந்தபடியே ஆயிற்று. பத்தடிக்கு ஒரு தரம் 'புளிச்' என்று வெற்றிலைச் சாறு. பாறை, வேர், சருகு, எதையும் விட்டுவைக்கவில்லை. பெரிய கிராணி மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி என் காதருகே, "ஒங்க நாத்தனார் மலைக்கே மருதாணி வச்சி விட்டுட்டாங்க போலிருக்கே" என்று சிரித்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அருவி விழுகிற குளத்தருகே எல்லோரும் முகம் கழுவ இறங்கினார்கள். நாத்தனாரின் வெற்றிலைச் சுருக்குப் பை கூடைமேல் கிடந்தது. என் கை பரபரத்தது. தண்ணீரில் போட மனசு வரவில்லை. ஒரு பெரிய பாறையின் இடுக்கில் செருகிவிட்டு, இறங்கும்போது எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நல்ல பிள்ளையாக வந்து நின்றேன்.

நாத்தனார் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார், மடியை உதறிப் பார்த்தார். வழிகாட்டி மலாயில் ஏதோ சொல்ல, என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்: மேலே ஓர் இளவரசி இருக்கிறாளாம். பெண் கேட்டு வந்த ராஜாவிடம் தட்டுத் தட்டாகக் கொசு ஈரல் கேட்டு விரட்டியவளாம். பிடித்த பொருளை அவள் எடுத்துக்கொள்வாளாம். நாத்தனார் கூடையை எடுத்து மூடினார். பிறகு, "எடுத்துக்கட்டும். ராசா கொடுக்காதத நாம கொடுத்ததா இருக்கட்டும்" என்றார்.

சாப்பாட்டை முடித்து மேலே ஏறினோம். வெற்றிலை இல்லாமல் நாத்தனார் கொட்டாவிமேல் கொட்டாவி விட்டார். கண்ணில் நீர் வழிந்தது. கொஞ்ச தூரத்தில், "மண்டை இடிக்குது. நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, அதைவிட அப்பாடா என்றும் இருந்தது.

மேலே ஒரு மொட்டைப் பாறையில் நின்றோம். அடேயப்பா! காடு முழுக்கக் காலடியில். அதற்கப்பால் மலாக்காப் பக்கத்துக் கடல் ஒரு கோடாகப் பளபளத்தது. நான் வந்த கப்பல் அந்தத் தண்ணீரில்தானே வந்தது என்று நினைத்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இறங்கும்போதுதான் வினை. ஒரு மரத்தில் வெள்ளையாகக் கொத்துப் பூ தெரிந்தது. தலையில் வைத்துக்கொண்டு பெரிய கிராணி மனைவி முன்னால் ஒரு நடை நடக்க ஆசை. யாரிடமும் சொல்லாமல் ஒதுங்கினேன். முதல் பூ எட்டவில்லை, இரண்டாவது எட்டியது. திரும்பினால் பாதையைக் காணோம். இந்தப் பக்கம் போனேன், அந்தப் பக்கம் போனேன், எல்லாப் பக்கமும் ஒரே மரம். கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கெண்டைக்காலில் அட்டை ஏறியிருந்தது. புலி உண்டு என்று காலையில் வழிகாட்டி சொன்னபோது சிரித்தவள், இப்போது ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன்.

வெற்றிலைச் சாறு! காலையெல்லாம் அதைத்தானே பார்த்துக்கொண்டு வந்தோம், சிவப்புக் கறையைத் தேடினால் பாதை கிடைத்துவிடுமே என்று ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? குளத்துக்கு மேலே ஒரு துளியும் விழாமல் பார்த்துக்கொண்ட மகராசி நான்தானே! நெற்றியில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. "ஏ... புள்ளேய்ய்..." என்று ஒரு குரல். மலையே அதிர்ந்தது. எந்தக் குரலைக் கேட்டால் எனக்குக் கூசுமோ, அதே குரல். விழுந்தடித்து அதை நோக்கி ஓடினேன். நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வியர்வை சொட்ட, செடிகளை விலக்கியபடி வந்தார்.

"எல்லாரும் எறங்கி வந்தாங்க, உன்னைய மட்டும் காணோம். அவங்க பாதையோட தேடுறாங்க. பாதை தண்ணியோரம்தானே, நான் அந்தச் சத்தத்த விட்டு வெலகிக் காட்டுக்குள்ள வந்தேன். அழாத புள்ள, மூக்கத் தொடச்சிக்க" என்றார். என் காலிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். சுண்ணாம்பு இருந்தால் தொட்டு வைத்தவுடன் விழுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேதான் பிய்த்தார். நான் தலை நிமிரவில்லை.

குளத்தருகே வந்ததும் ஓடிப்போய்ப் பையை எடுத்து, "அண்ணி, இங்க கெடக்கு!" என்று நீட்டினேன். நடிப்பு எனக்கே சகிக்கவில்லை. அவர் வெற்றிலையை மடித்து வாயில் திணித்தார். "இளவரசிக்கு நம்ம சுண்ணாம்பு காரம் தாங்கல போல, திருப்பிக் குடுத்துட்டா" என்றார். பெரிய கிராணி மனைவிகூட விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். அதற்குமேல் தாங்கவில்லை. அடுப்படியில் இருந்த நாத்தனாரிடம் போய், "அண்ணி, அந்தப் பைய ஒளிச்சது நான்தான்" என்று சொல்லி விசும்பினேன்.

அவர் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "தெரியும். நீ செருகும்போது பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீயே குடுத்துருவேன்னுதான் தேடுற மாதிரி காட்டினேன்."

"அப்புறம் ஏன் எடுக்கல? அவ்வளவு தலைவலியோட..."

"எடுத்தா எப்படி அங்க போச்சுன்னு கேப்பாங்கல்ல? அந்தம்மா முன்னால நீ தலை குனிஞ்சி நிக்கவா? ஒரு பொழுது தலைவலி, என்ன இப்போ? போ, போயி மொளகா எடுத்துட்டு வா."

அதற்குப் பிறகு முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். சண்டை போடாமல் இல்லை, வாரத்துக்கு இரண்டு நிச்சயம். ஆனால் யாராவது எனக்குக் கெடுதல் செய்து, நாளைக்கே அவர்கள் கஷ்டத்தில் நிற்கும்போது, "நல்லா வேணும்" என்று என் வாய் வரைக்கும் வந்துவிடும். அப்போதெல்லாம், நான்தான் எடுத்தேன் என்று தெரிந்துகொண்டே என்னைத் தேடி அந்த மலையேறி வந்தவர் நினைவுக்கு வருவார். வாயை மூடிக்கொண்டு நானும் செருப்பை மாட்டி அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன்.