நான்கு விசுவநாதன்கள், ஒரே முகவரி

சென்ற வாரம் என் மின்னஞ்சல் செயலி ஓர் அரிய கண்டுபிடிப்பை அறிவித்தது. என் முகவரிப் பட்டியலில் ஒரே ஆள் நான்கு முறை இருக்கிறாராம். பெயர் — விசுவநாதன். "டூப்ளிகேட்டுகளை ஒன்றாக்கட்டுமா?"

தென்காசியில் விசுவநாதன் இல்லாத தெரு உண்டா? கோபுர வாசலில் நின்று அப்பெயரைக் கூப்பிட்டால், பூக்கடைக்காரர் முதல் வங்கி மேலாளர் வரை திரும்பிப் பார்ப்பார்களே!

ஏதோ நினைவில் 'சரி' என்று அழுத்திவிட்டேன். பாதி வேலையில் திரை உறைந்தது. பிறகு செயலி தானே மூடிக்கொண்டது; திறந்து பார்த்தால் ஒரே விசுவநாதன்தான் மிச்சம்.

ஆயிரம் திருநாமங்களுக்கும் உரியவன் ஒருவனே என்று தெளிய அடியார்க்கு ஓர் ஆயுள் போதவில்லை. இதுவோ நான்கு மனிதரை அரை நொடியில் ஒருவராக்கிவிட்டது. என்னே ஞானம்!

மறுநாள் மஸ்கட்டில் பணிபுரியும் கடையத்து விசுவநாதனுக்கு நான் எழுத வேண்டியிருந்தது. தாய் மறைந்தபோது விடுப்புக் கிடைக்காமல், கொள்ளி வைக்கவும் வர இயலாதவர். அன்றுதான் பதினாறாம் நாள்; தம் அறையில் விளக்கேற்றிப் பாட ஒரு பதிகம் கேட்டிருந்தார். அன்று காலை, எஞ்சியிருந்த ஒரே விசுவநாதனுக்கு அதை அனுப்பினேன் — "தங்கள் தாயார் சிவபதம் அடைந்த பதினாறாம் நாளான இன்று..." என்று தொடங்கி.

சற்று நேரத்தில் தொலைபேசி. நால்வரில் இன்னொருவர், மேலகரத்து விசுவநாதன்!

"அண்ணாச்சி, எங்கம்மை மேல ஒங்களுக்கு என்ன கோவம்?"

நான் வாய் திறக்குமுன் அந்த அம்மையே போனைப் பறித்துவிட்டார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. குரலுக்கு அது தெரியாது.

"ஏய்யா, எனக்கா பதினாறாம் நாள்? நான் இங்கன இட்லி தின்னுக்கிட்டுல்லா இருக்கேன்! சட்னி வேற ஒரைக்குது!"

நாணத்தோடு நடந்ததைச் சொன்னேன். அம்மையின் குரல் தணிந்தது.

"அப்போ அந்தப் புள்ள அங்கன வெளக்கேத்தி வச்சுக்கிட்டுக் காத்துக் கெடப்பானே... ஏலே விசுவநாதா, அண்ணாச்சிகிட்ட அவன் நம்பரைக் கேளு. போடு. எனக்குப் பாட்டு மனப்பாடம்லா, நான் பாடுதேன்."

மஸ்கட்டும் இணைந்தது. அம்மை பாடினார், நாங்கள் இருவரும் பின்தொடர்ந்தோம். முடிவில் மஸ்கட்டிலிருந்து ஒரே சொல் வந்தது — "அம்மா..."

"சொல்லுய்யா," என்றார் மேலகரத்து அம்மை.

அன்று மாலை செயலி தானாகவே விழித்துக்கொண்டு, தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்டது.

அதற்கிருந்த நாணத்தையும் டூப்ளிகேட் என்று நீக்கிவிட்டார்கள் போலும்!