இடைவேளையில் செத்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் எங்கள் கண்ணெதிரே ஒருவன் செத்துப்போனான். நாங்கள் எல்லோரும் எழுந்து முறுக்கு வாங்கப் போய்விட்டோம்!

பதறாதீர்கள், சினிமாவில்தான். எங்கள் காஞ்சிபுரத்து ஃபிலிம் சொசைட்டியைப் பற்றி ஏற்கெனவே புலம்பியிருக்கிறேனே... பேங்க்காரர்கள் சிலர், காலேஜ் வாத்தியார்கள் சிலர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நான். மாதம் ஒரு வெளிநாட்டுப் படம். பாஷை புரியாது. ஆனாலும் விடமாட்டோம்.

இந்த மாதம் வந்தது இஸ்ரேல்-பாலஸ்தீனக் கதை. ட்ரான்சிஸ்டரைத் திருப்பினால் கேட்கிறோமே, அதே சண்டை. யூதப் பெண், பாலஸ்தீனப் பையன், ஒரே பேக்கரியில் வேலை, காதல். கீழே இங்கிலீஷ் எழுத்துகூட ஓடாத பிரிண்ட். எங்கள் செயலாளர் அரைப் பக்கம் கதைச்சுருக்கம் அடித்துக் கொடுத்துவிட்டு, நம் பாட்டுப் புத்தக வழக்கப்படி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்திருந்தார். எப்படி இருக்கிறது!

என் பக்கத்தில் திலகா. எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை செய்கிறவள். அவளுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா ஏகாம்பரம், பட்டு நெய்கிறவர். அவருக்கு இந்தப் படத்தில் என்ன வேலை? காரணம் இருந்தது. திலகா கட்டிக்கொள்ள நினைப்பது வாலாஜாபாத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அன்வரை. ஏகாம்பரம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவருடைய தம்பிகள்தான், “அவன் இந்தத் தெருவுல கால வெச்சா வெட்டுவோம்” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அப்பா இந்தக் கதையைப் பார்த்தால் மனம் இளகுவாரா என்று திலகாவுக்கு ஒரு நப்பாசை.

படம் ஓடியது. பையன் யார் என்று தெரிந்ததும் பெண்ணின் அப்பன் அவனை வெளியே தள்ளுகிறான். ஊரடங்கு. தெருவில் துப்பாக்கிச் சூடு. காதலர்கள் ஓடிவந்து அந்த வீட்டுக் கதவை இடி இடியென்று இடிக்கிறார்கள். அப்பன் உள்ளே நிற்பது ஜன்னலில் தெரிகிறது. கதவு திறக்கவில்லை. பையன் சுருண்டு விழுந்தான். பெண் அலறினாள். ஏதோ எழுத்துகள் ஓடின... லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

இடைவேளை!

இடைவேளையில் சுடப்பட்ட ஹீரோ எந்த ஊரில் செத்திருக்கிறான்? நிம்மதியாக முறுக்கு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தோம். நினைத்தபடியே ஆயிற்று. அதே கதவு. இந்த முறை அப்பன் அகலத் திறந்தான். பையனைக் கட்டிக்கொண்டான், மேஜையில் ரொட்டி வைத்தான், ஒரே சிரிப்பு. பையனுக்குத் தோளில் ஒரு கட்டுகூட இல்லை... என்ன வைத்தியமோ! அதோடு படம் முடிந்தது. வெளிநாட்டுப் படம், இடைவேளைக்கு அப்புறம் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று கை தட்டினோம்.

வாசலில் ஏகாம்பரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவ்ளோ சண்ட நடக்குற ஊர்லயே அந்தாளு மனசு மாறி கதவத் தொறந்துட்டான்மா. நாம இன்னாத்துக்கு பயந்துக்கினு கெடக்கணும்? வர்ற ஞாயித்துக்கெழம அன்வர சாப்பாட்டுக்கு வரச்சொல்லு, திலகா.”

திலகா தெருவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் எங்களுக்கு ப்ரொஜெக்டர் ஓட்டும் நரசிம்மன் என்னை வழியில் நிறுத்தினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. டப்பாவுல ரீல் நம்பர் ஒட்டின சீட்டு கிழிஞ்சிருந்துது. கடைசி ரெண்டு ரீலையும் மாத்திப் போட்டுட்டேன். அந்தச் சாப்பாடு மொதல்லயே நடந்தது. பையன் யாருன்னு அப்பனுக்கு அப்ப தெரியாது. தெரிஞ்ச பின்னாடிதான் தொரத்துறான். செத்தவன் செத்தவன்தான், அந்த எழுத்து ஓடினதோட படமே முடிஞ்சிருக்கணும். வெளியில சொல்லாதம்மா, எல்லாரும் சந்தோஷமாத்தான போனாங்க?”

நியாயம்தானே? எங்கோ தூரத்து ஊரில் ஒருவன் சாகிறான்... நமக்கு அது எப்போதும் இடைவேளைதான். ஆனால் திலகாவிடம் எப்படி மறைப்பது? நாள் முழுக்கப் பக்கத்து நாற்காலி. சொல்லிவிட்டேன்.

அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிறகு, “நைனாகிட்ட சொல்லணும்க்கா” என்றாள்.

“பைத்தியமா உனக்கு? கூடி வந்ததை ஏன்டி கெடுத்துக்கறே?”

“சித்தப்பாங்க கத்தியத் தூக்கிக்கினு வந்தா நைனா இன்னா பண்ணுவாரு? சினிமாவுல பொழைச்சுக்கினான்னு நம்பி ஒத்துக்கினவரு அப்ப நிப்பாரா? தெரிஞ்சு ஒத்துக்கட்டும். இல்லாங்காட்டி வேணாம்.”

அழுத்தக்காரி! சாயங்காலம் நானும் கூடப் போனேன்.

அவர்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலுக்கு அப்பா ஊடை நூல் ஓட்டும் நாடாவை எறிவார், கரைக்கு மகள். ஒருவர் எழுந்தால் மற்றவருக்கும் வேலை நிற்கும். அதனால் அந்த வீட்டில் முக்கியமான பேச்சு எல்லாமே தறியில்தான், யாரும் பாதியில் எழுந்து போக முடியாது பாருங்கள். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே திலகா எல்லாவற்றையும் சொன்னாள்.

தறி நின்றது.

“செத்துட்டானா?”

“ஆமா நைனா.”

“சுட்டது அவ அப்பனா?”

“இல்ல. தெருவுல யாரோ.”

“அந்தாளு கதவத் தொறந்திருந்தா?”

“பொழைச்சிருப்பான், அண்ணே” என்று நான்தான் சொன்னேன்.

அவர் தெருக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று திலகாமீது கோபம்கூட வந்தது.

“அப்ப அந்தப் பையன் உசுரு சுட்டவன் கையில இல்ல, அப்பன் கையிலதான் இருந்துருக்குது” என்றார் மெதுவாக. “ஞாயித்துக்கெழம அன்வர் வரட்டும். தம்பிங்க வந்தா நான் வாசல்ல நிக்கிறேன். என்னைத் தாண்டித்தான் அவன்மேல கை வெக்கணும். ம்... நாடாவப் போடும்மா.”

திலகா கண்ணைக்கூடத் துடைக்காமல் நாடாவை எறிந்தாள்.

நாளை அந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கும் சாப்பாட்டுக்கு அழைப்பு உண்டு. கொஞ்சம் சீக்கிரமே போகிறேன்... வாசலில் நிற்க இன்னொரு ஆள் இருந்தால் நல்லதுதானே!