பின் நம்பர் கையில் இருந்தும்

சுகுமாறன் பழுதுபார்த்து முடித்த ஹேன்போனின் திரையில், மேல்பாதியை மறைத்துக் கறுப்பு டேப் ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் அதை முடுக்குவார். வந்து விழும் செய்திகள் கண்ணில் படக்கூடாதாம். "டச் வேல செய்யுதா, அத மட்டும் பாக்கணும் பாஸ். மத்ததெல்லாம் ஊரான் வீட்டு அடுப்படி."

மலேசியாவின் கிள்ளான் நகரில், லிட்டல் இந்தியா கடைத்தெருவில், பூக்கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே அவருடைய கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே. நெற்றியில் பூதக்கண்ணாடி, மேசையில் ஐஸ் உருகிப்போன தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர். திருகாணிகளோடு பேசுகிற வழக்கம் வேறு. "எங்க ஓடுற? வா இப்படி!" என்று அவர் அதட்டும்போது, பழைய வாடிக்கையாளனான நானே எத்தனையோ முறை திடுக்கிட்டு எழுந்திருக்கிறேன்.

பிள்ளைகளின் போனைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர்தான் அவருக்குப் பெரிய தொல்லை. காப்பாரிலிருந்து குமுதா என்ற அம்மாள், மகன் தூங்கும் நேரம் பார்த்து அவன் போனைக் கைப்பைக்குள் போட்டு எடுத்துவந்தார். "பூட்ட மட்டும் தொறந்து குடுங்கண்ணே. பெத்தவ கேக்குறேன்லா!"

"அவனையும் கூட்டிட்டு வாங்கக்கா. அவன் தொறக்கட்டும்."

அம்மாள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார். எனக்கும் மனிதர்மேல் கோபம்தான். பிள்ளை எவனிடம் சிக்கியிருக்கிறானோ, இவர் நியாயம் பேசுகிறாராம்!

போன வியாழக்கிழமை அந்த நியாயம் அவர் தலையிலேயே வந்து விடிந்தது. என் போனுக்குப் பேட்டரி மாற்ற நான் அங்கே காத்திருந்தேன். அவர் கையில் இருந்தது மகள் ஜனகாவின் போன். பதினைந்து வயதுப் பெண். உடைந்த திரையை மாற்றச் சொல்லி, பின் நம்பரைத் தானே எழுதிப் போனின் முதுகில் ஒட்டிக் கொடுத்திருந்தாள். நம் பிள்ளை போன்தானே என்று அன்றைக்கு மட்டும் டேப் ஒட்டாமல் விட்டார். புதுத் திரை ஒளிர்ந்ததும் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவனுக்குப் பெயர் இல்லை, ஒரு புலிப் படம் மட்டும். 'சனிக்கிழமை மால்ல பாப்போம். அப்பாகிட்ட சொல்லாத.'

முகம் வெளுத்துப்போய் அதை என்னிடம் காட்டினார். பிறகு, தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்த மனைவி வாணியை அழைத்துச் சொன்னார். மறுமுனையில் வாணி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "நம்பர் கையில இருக்குல்ல, தொறந்து பாருங்க! இன்னும் என்ன யோசன?"

"தொறந்தா இந்த ஒன்னு தெரியும் வாணி. அடுத்தது நமக்குத் தெரியவே விடமாட்டா."

நானாக இருந்தால் திறந்திருப்பேன். சொல்ல வெட்கமில்லை. அவரோ பள்ளி விடும்வரை ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

இரண்டு மணிக்கு ஜனகா சீருடையோடு வந்தாள். போனை அவளிடம் கொடுத்தார். "ஒரு மெசேஜ் கண்ணுல பட்டுச்சும்மா. அதுக்கு மேல எதையும் தொறக்கல. அப்பாவுக்குப் பயமா இருக்கு. சனிக்கிழம உன்னத் தனியா விடமாட்டேன், அத இப்பவே சொல்லிடுறேன். மத்தத நீதான் சொல்லணும்."

"யாரு உங்கள படிக்கச் சொன்னா?" என்று வெடித்தவள், விருட்டென்று வெளியே போய் நடைபாதையில் நின்றுகொண்டாள். அவர் பின்னால் போகவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆகப்போகிறதோ என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். பேட்டரியாவது, ஒன்றாவது!

கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. நாற்காலியை இழுத்து அவரை ஒட்டி உட்கார்ந்து, போனை இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

"ஏசக் கூடாது."

"ஏசல."

"கேம்ல பழக்கம்பா. பதினேழு வயசுன்னு சொன்னான்." புலிப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். "குரல் அப்படி இல்ல."

"நீயே தள்ளிக் காட்டும்மா, அப்பா பக்கத்துல இருந்து படிக்கிறேன்" என்ற சுகுமாறன், தம் இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் செருகிக்கொண்டு திரைப்பக்கம் குனிந்தார்.