மடியில் தீப்பெட்டி இல்லை

எங்கள் வட்டாரத்தில் முதன்முதலாக ஹெலிகாப்டரில் பறந்தவன் நான்தான். பொய். அதன் வாலைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். அதுவும் யாரும் பார்க்காதபோது. ஆனால் அன்று சாயங்காலமே டீக்கடையில் பறந்ததாகச் சொல்லிவிட்டேன்.

பட்டாசு கம்பெனி கேட்டில் எனக்கு வேலை. உள்ளே போகிறவர்களின் மடியைத் தடவி, பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். அப்போது நாட்டில் மதுவிலக்கு, ஆனாலும் கண்மாய்க்கரைப் புதருக்குள் எவனாவது காய்ச்சிக்கொண்டுதான் இருந்தான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத என் உடம்பில் கம்பெனிக்கு உபயோகப்பட்ட ஒரே உறுப்பு மூக்கு.

அந்தத் தீபாவளி சீசனுக்கு முதலாளி ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்குப் பிடித்தார். மதுரைக்கு மேலே பறந்து நோட்டீஸ் வீச வேண்டும். வீசுவதற்கு, கம்பெனியில் லேபிள் ஒட்டும் என் அத்தை மகனைப் பிடித்தார்கள். ஹெலிகாப்டர் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் வந்து இறங்கியது. நான் வாலைத் தொட்டது அன்றைக்குத்தான். கம்பெனி வழக்கம் மாறக்கூடாது என்று மறுநாள் காலையில் என்னையும் அங்கே நிறுத்தினார்கள்.

அத்தை மகன் புதுச்சட்டையில் வந்தான்.

“கையைத் தூக்குலே.”

“வானத்துக்குப் போறவனையுமா தடவுவீக மச்சான்?”

“எமலோகம் போனாலும் தடவுவேன்லே.”

சிரித்தான். மடியில் ஒரு வெற்றிலைப் பொட்டலம். வேறு எதுவும் இல்லை.

அடுத்து விமானி வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் வந்ததும் என் மூக்கு விழித்துக்கொண்டது.

“ஐயா, கொஞ்சம் வாயை ஊதுங்க.”

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கெக்கலி கொட்டியது. வழக்கம்போலக் கூத்தடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

“மொதலாளி, நெசமாவே வாடை அடிக்கி.”

“போலே கோட்டிக்காரா! அவுகளுக்குக் குடிக்க சர்க்காரே பெர்மிட்டு குடுத்திருக்கு.”

குடிக்க சரி, குடித்துவிட்டுப் பறக்கவுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் விசிறி சுற்றி, புழுதி வந்து என் வாயை அடைத்துவிட்டது.

பனைமர உயரம் போனது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பருத்திக்காட்டில் விழுந்து எரிந்தது. இரண்டு பேரும் போய்விட்டார்கள். நோட்டீஸ் மட்டும் கரிசலெங்கும் பறந்துகொண்டிருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம், “வாடை அடித்ததற்கு என்ன சாட்சி?” என்று கேட்டார்.

“மூக்குதான் சாமி.”

அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிக்கவைக்கச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் எது எரிந்தாலும் முதலில் பீடிக்காரனைத்தான் தேடுவார்கள். என் அத்தை மகன் மேலே போய்ப் பீடி பற்றவைத்தான், அதனால்தான் விழுந்தது என்று டீக்கடையில் தீர்ப்பாகிவிட்டது. மடியைத் தடவியவன் நான், தீப்பெட்டி இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். “ஹெலிகாப்டர்ல பறந்தேன்னு சொன்ன ஆளுதானலே நீ?” என்றார்கள்.

அவன் பெண்சாதி மட்டும் என்னை நம்பினாள். இப்போது மகளுக்கு வரன் பார்க்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும், “ஹெலிகாப்டரக் கொளுத்துனவன் மகளா?” என்று இழுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் போய் நடந்ததைச் சொல்கிறேன். என் மூஞ்சியைப் பார்த்ததுமே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. இந்த மூஞ்சியை எங்கே கொடுத்து மாற்றுவது? எழுதி வைத்தால் மூஞ்சி தெரியாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு விமானி பக்கத்தில் வந்தபோது அந்த வாடை எப்படி இருந்தது என்றால்...

“அண்ணே, அச்சங்குளத்துக்காரக வந்து உக்காந்துட்டாக. சட்டுனு வாங்க.” அவள்தான், வாசலில் நிற்கிறாள். “இந்தத் தடவையாச்சும் கூத்தடிக்காம சொல்லுங்கண்ணே.”

“வாரேன் தாயி. சட்டையப் போட்டுக்கிடுதேன்.”